நம் குப்பைக்கும் ஓர் அயலவர் உண்டு



இப்பக்கத்தில் வழமையாகத் திருப்பலி நேரங்களையும் ஞாயிறு வாசகங்கள் பற்றிய சிறு சிந்தனைகளையும் பகிர்ந்து வருகிறேன். இன்று குப்பையைப் பற்றி எழுத விழைகிறேன். பதிவு சற்று நீளமானது. வேலைக்குச் செல்லும் பேருந்திலோ இரவுணவின் பின்னரோ பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பசுமை வாழ்வு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை எவை? மின்சாரக் கார், துணிப்பை, ஏப்ரல் மாதத்துப் புவி நாளில் பிள்ளைகளுடன் மரக்கன்று நட்டு எடுத்துக்கொள்ளும் நிழற்படம். இவற்றில் எதையும் நான் இகழவில்லை. மரம் நடுவது நல்லது; நட்ட மரத்துக்கு யூலை மாத வெயிலில் தண்ணீர் ஊற்றுவது அதனினும் நல்லது. ஆனால் ரொறன்ரோ போன்றதொரு மாநகரில் வாழும் நமக்கு இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த கிழமை உங்கள் தொடர்மாடியின் குப்பைக் குழாயில் நீங்கள் போட்ட பை, அல்லது வீட்டு வாசலில் உருட்டிச் சென்று வைத்த தொட்டியில் இருந்த பை, இந்த வேளையில் எங்கே இருக்கிறது?

மூடி சாத்தப்படுகிறது, "தொப்" என்ற ஓசை கேட்கிறது, அத்துடன் அது நம் வாழ்விலிருந்து நீங்கிவிடுகிறது. இந்நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்தவர்களிடமும் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "சிற்றி எடுத்துக்கொண்டு போகும் ஃபாதர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. எங்கே கொண்டு போகிறது என்று கேட்டால் ஒரு சிரிப்பு மட்டுமே.

விடை இதுதான். மாநகரசபை சேகரிக்கும் குப்பை முதலில் நகருக்குள்ளேயே உள்ள மாற்று நிலையங்களில் கொட்டப்பட்டுப் பெரும் பாரவூர்திகளில் ஏற்றப்படுகிறது. அங்கிருந்து 401ஆம் நெடுஞ்சாலை வழியாகத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் பயணம் செய்து, லண்டன் நகருக்கும் சென் தோமஸ் நகருக்கும் அண்மையில் உள்ள கிறீன் லேன் என்னும் குப்பை நிரப்பிடத்தைச் சென்றடைகிறது. பெயரைக் கவனியுங்கள்: பசுமை ஒழுங்கை! இவ்விடத்தை ரொறன்ரோ மாநகரசபை 2007ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிற்று. 2011 முதல் நம் குப்பை அங்கேதான் புதைகிறது. 2035ஆம் ஆண்டளவில் அது நிரம்பிவிடும் என்பது மாநகரசபையின் கணிப்பு. விண்ட்சரில் உள்ள உறவினரைக் காண நீங்கள் அதே நெடுஞ்சாலையில் செல்லும்போது, பக்கத்துத் தடத்தில் செல்லும் பாரவூர்தியில் உங்கள் வீட்டுச் சோறும் கறியும் சென்றுகொண்டிருக்கலாம்.

இந்நகரின் குப்பைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதில் சிறு பகுதியையேனும் நாம் அறிந்திருத்தல் நன்று. ஸ்காபரோவில் வாழும் நம்மவர்கள் கோடையில் மிருகக்காட்சிச்சாலைக்கும் றூஜ் தேசியப் பூங்காவுக்கும் செல்வதுண்டு. அதன் அருகே புல் மூடிய குன்றொன்று தென்படும். பெயார் குன்று என்பார்கள். அது இயற்கையின் படைப்பன்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து 1983 வரை இந்நகரம் கொட்டிய குப்பையே இன்று குன்றாக நிற்கிறது. அதன் பின்னர் வோன் நகரிலுள்ள கீல் பள்ளத்தாக்கு நம் குப்பையை ஏற்றது. 2002ஆம் ஆண்டின் முடிவில் அதுவும் மூடப்பட்டது. இடையில், வடக்கே கேர்க்லண்ட் லேக் அருகில் கைவிடப்பட்ட அடம்ஸ் இரும்புச் சுரங்கத்தின் பெருங்குழிக்குள் தொடருந்தில் குப்பையைக் கொண்டு சென்று கொட்டுவது என்றொரு திட்டம் எழுந்தது. அப்பகுதி மக்களும் முதற்குடியினரும் கடுமையாக எதிர்த்ததால் 2000ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. 2004இல் ஒன்ராறியோ அரசு சட்டமியற்றி அக்கதவை முற்றாக அடைத்தது. போக்கிடமற்ற நம் குப்பை அமெரிக்க எல்லையைக் கடந்து மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாரவூர்திகள். மிச்சிகன் மக்கள் சினந்ததில் வியப்பில்லை. 2010ஆம் ஆண்டின் முடிவில்தான் மாநகரசபை தன் குப்பையை அங்கே அனுப்புவதை நிறுத்திற்று.

உங்களில் சிலருக்கு 2002ஆம் ஆண்டின் கோடை நினைவிருக்கும். உலக இளையோர் நாளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் இந்நகருக்கு வருகை தந்த ஆண்டு அது. டவுன்ஸ்வியூ திடலில் நடைபெற்ற பெருந்திருப்பலிக்குச் சென்று மழையில் நனைந்ததை நம் பங்கின் மூத்தோர் சிலர் இன்றும் பெருமையுடன் கூறுவர். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்வரை இந்நகரின் தெருக்கள் நாறிக்கிடந்தன என்பதை எவரும் கூறுவதில்லை. சூன் மாத இறுதியில் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. யூலை 11ஆம் நாள் மாகாணச் சட்டமன்றம் சட்டமொன்றை நிறைவேற்றி அவர்களைப் பணிக்குத் திருப்பிற்று. திருத்தந்தையின் வருகை அண்மித்திருந்ததும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம். விருந்தினர் வருகிறார் என்றதும் முற்றத்தைக் கூட்டிக் குப்பையைக் கோடிக்குள் தள்ளிவிடும் நம் ஊர் வழக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது. மீண்டும் 2009இல் 39 நாட்கள் வேலைநிறுத்தம் நீடித்தபோது, சிறுவர் விளையாடும் பூங்காக்களே தற்காலிகக் குப்பை மேடுகளாயின. அந்நாட்களில் மட்டுமே இந்நகரம் தான் எவ்வளவு எறிகிறது என்பதைத் தன் கண்ணால் கண்டது.

இனி, இப்பதிவை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

கிறீன் லேன் நிரப்பிடத்துக்கு மிக அண்மையில் ஒரு மக்கள் வாழ்கிறார்கள். தேம்ஸ் ஆற்றங்கரை ஒனைடா என்னும் முதற்குடியினர் அவர்கள். 1840ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்திலிருந்த தம் தாயகத்தை இழந்து, எல்லை கடந்து வந்து, தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறியவர்கள். நிலத்தை இழந்து பெயர்ந்து வந்து, புதிய மண்ணில் காணி வாங்கி வீடு கட்டியவர்கள் என்ற இந்த வரலாறு நமக்கு அந்நியமானதா? நம் வரலாற்றைச் சொன்னால் அவர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையிராது. ரொறன்ரோ அந்த நிரப்பிடத்தை வாங்க முற்பட்டபோது அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பு பலிக்கவில்லை. அவர்களது ஊரில் குழாய்நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும் என்ற அறிவித்தல் 2019இல் விடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதற்கு நம் குப்பையே காரணம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது நேர்மையாகாது. நான் கூறுவது இவ்வளவே: ஏற்கெனவே நல்ல நீருக்குப் பஞ்சப்படும் ஓர் ஊரின் ஓரத்தில்தான் நாம் நம் எச்சிலையைப் போடுகிறோம், போடுவது நாம் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

"ஃபாதர், இது வெள்ளைக்காரரின் பிரச்சினை, நாங்கள் எங்கள் பாட்டைப் பார்ப்போம்" என்று எண்ணுவோருக்குச் சுன்னாகத்தை நினைவூட்ட விரும்புகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக்கல்லின் பொந்துகளில் தேங்கி நிற்கும் மழைநீரே நம் கிணறுகளின் ஊற்று. ஓரிடத்தில் ஊற்றப்படும் நஞ்சு அக்கல்லின் வழியே அயலெங்கும் பரவும். சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதக்கக் கண்டு, தலைமுறை தலைமுறையாக அள்ளிப் பருகிய நீரை விட்டுவிட்டுத் தாய்மார் பவுசர் வண்டிக்காக வாளியுடன் நின்றதை நாம் அறிவோம். உங்களில் பலரது பிறந்த வீடு அந்த அயலில்தான். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கிணற்றின் மேல் இருந்த பழைய நம்பிக்கை வந்ததா என்பதை அவ்வூரவர்களே சொல்ல வேண்டும். அப்போது நாம் இங்கிருந்து கொதித்தெழுந்தோம், முகநூலில் எழுதினோம். பிறருடைய கழிவு நம் தாயின் கிணற்றில் இறங்கியது என்பதே அக்கோபத்தின் காரணம். அது நியாயமான கோபம். அதே நியாயத்தைத் தேம்ஸ் ஆற்றங்கரைக்கும் நீட்டும்படியே உங்களை வேண்டுகிறேன்.

கொழும்பின் மீதொட்டமுல்லவையும் மறக்கலாகாது. மாநகரின் குப்பையெல்லாம் ஏழைகளின் குடியிருப்புக்குப் பக்கத்தில் மலையாகக் குவிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு அதே நாள்தான் பெரிய வெள்ளி. நாம் ஆலயங்களில் சிலுவையை முத்தி செய்துகொண்டிருந்த நாளில், வேறு யாரோ எறிந்தவற்றின் பாரத்தின்கீழ் அம்மக்கள் கிடந்தார்கள். இவ்விரண்டையும் இணைத்து ஒரு மறையுரை ஆற்ற எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் வெளியிட்ட "லவுதாத்தோ சீ" என்னும் சுற்றுமடலைச் சிலர் மரங்களையும் பறவைகளையும் பற்றிய மடல் என்று கருதுகிறார்கள். வாசித்துப் பார்த்தால், பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றே என்பதே அதன் உயிர்நாடி என்பது விளங்கும். அதற்கும் முன்னதாக நற்செய்தியிலேயே நமக்கொரு செயல் காட்டப்பட்டிருக்கிறது. ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின் பன்னிரண்டு கூடைகள் எஞ்சியதை நான்கு நற்செய்தியாளரும் கூறுகின்றனர். எதுவும் வீணாகாதபடி துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவரே பணித்தார் என்பதை யோவான் மட்டும் குறித்து வைத்திருக்கிறார். அப்பத்தைப் பலுகச் செய்யும் வல்லமை படைத்தவர், மறுநாளும் புதிதாகப் பலுகச் செய்திருக்கலாமே! புல்வெளியில் குனிந்து துண்டு பொறுக்க வைத்தார். இப்பகுதியை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். அடுத்த அரைமணியில் கீழே மண்டபத்தில் என்ன நிகழ்கிறது?

அதைப் பேசுமுன் பையின் உள்ளே இருப்பதைச் சற்றுப் பார்ப்போம். நம் வீட்டுக் குப்பையில் கனமானது உணவுக் கழிவு. மரக்கறித் தோல், மீன் முள், கோழி எலும்பு, துருவிய தேங்காயின் சக்கை, நேற்றைய சோறு. இவை காற்றோட்டமில்லாத நிரப்பிடத்தில் அழுகும்போது மீதேன் என்னும் வாயு பிறக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குமாகப் புவியைச் சூடாக்க வல்லது அது. அவ்வாயுவைச் சேகரிக்கும் குழாய்கள் கிறீன் லேனிலும் உண்டு. ஆயினும் முழுவதையும் பிடித்துவிட முடிவதில்லை.

அதே மீன் முள் பச்சைத் தொட்டிக்குள் சென்றால் கதை வேறு. வீட்டில் நாம் "கிறீன் பின்" என்று அழைக்கும் இத்திட்டம் இந்நகரில் 2002இல் தொடங்கியது. இத்தொட்டியில் சேர்வது டிஸ்கோ வீதியிலும் டஃபரினிலும் உள்ள ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே பெரும் பாத்திரமொன்றில் தண்ணீர் விட்டுத் தோசைமா அரைப்பதைப் போலக் கரைக்கிறார்கள். பிளாஸ்ரிக் மேலே மிதக்க அதை வழித்தெடுக்கிறார்கள். மண்ணும் கண்ணாடியும் அடியில் தங்குகின்றன. எஞ்சிய கூழைக் காற்றுப் புகாத தாங்கிகளில் நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கின்றன. வெளிவரும் வாயு எரிபொருளாகிறது, திண்மம் பசளையாகிறது. பிறநகரங்களில் அனுமதியாத பொலித்தீன் பையில் கட்டியே நாம் இங்கு கழிவைப் போட முடிவதற்கும், குழந்தைகளின் அரைக்கச்சையைக்கூட அதில் இட முடிவதற்கும் இந்த முறையே காரணம். மிக எளிதாக்கித் தந்திருக்கிறார்கள். றக்கூன்களை விரட்ட 2016இல் பூட்டுடன் கூடிய புதிய தொட்டிகளையும் தந்தார்கள். அதையும் திறக்கக் கற்ற றக்கூன்கள் உண்டு என்பது வேறு கதை. அந்த உயிரினத்தின் அக்கறையில் பாதி நமக்கு அத்தொட்டியின்மேல் இருந்தால் நன்று.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "மக்கக்கூடியது" என்று அச்சிடப்பட்ட பிளாஸ்ரிக் கரண்டிகளையும் கிண்ணங்களையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பலர் மனநிறைவு கொள்கிறார்கள். ரொறன்ரோவின் பச்சைத் தொட்டி அவற்றை ஏற்பதில்லை. அவை ஆலையில் பிற பிளாஸ்ரிக்கோடு வழித்தெடுக்கப்பட்டு வெளியேற்றப்படும்; ஆகவே குப்பைத் தொட்டியே அவற்றின் இடம். பெட்டியின்மேல் இலையொன்று வரைந்திருப்பதால் உள்ளே இருப்பது இலையாகிவிடாது. வாழையிலையே சிறந்தது என்பீர்கள். உண்மை, அது பச்சைத் தொட்டிக்குரியதுதான். ஆனால் கனடாவில் வாழை வளர்வதில்லை. வெப்ப நாடொன்றிலிருந்து குளிரூட்டிய பெட்டியில் நெடுந்தூரம் கடந்து வரும் இலையைப் பசுமை என்று நான் பாராட்டத் தயங்குகிறேன். கழுவி மீண்டும் பயன்படுத்தும் பீங்கான் தட்டுக்கு நிகர் எதுவுமில்லை.

தனிவீடுகளில் வாழ்வோர் ஓரளவு நன்றாகவே செய்கிறார்கள். இந்நகரின் தனிவீடுகளில் சேரும் கழிவில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் குப்பை நிரப்பிடத்துக்குச் செல்லாமல் திருப்பப்படுகிறது. தொடர்மாடிகளில் அது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இதற்குத் தொடர்மாடி மக்களைக் குறைசொல்வோரோடு நான் உடன்படேன். பதினெட்டாம் மாடியில் வாழும் எழுபத்தைந்து வயதுத் தாயார், முழங்கால் வலியுடன், சனவரி மாதப் பனியில், கட்டடத்தின் பின்புறம் வண்டிகள் திரும்பும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கும் தொட்டிவரை ஒரு சிறு பையைத் தூக்கிச் செல்வாரா? பத்தடி தூரத்தில் குழாய் இருக்கிறது. பல பழைய கட்டடங்களில் அந்த ஒரே குழாய்தான், எல்லாமே அதற்குள். கட்டியவர்களின் குறையை முதியவர்களின் மேல் சுமத்தலாகாது.

ஆனால் கேட்பதற்கு நமக்கு வாயுண்டு. மாநகரசபையின் சேவையைப் பெறும் கட்டடங்கள் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துகின்றன. பச்சைத் தொட்டியில் சேர்வதற்குத் தனிக் கட்டணமில்லை. உணவுக் கழிவைப் பிரித்தால் கட்டடத்துக்கே பணம் மிச்சமாகும் என்று முகாமையாளரிடம் எடுத்துச் சொல்லலாம். முன்வாசலுக்கு அருகில், கூரையின் கீழ், ஒரு பச்சைத் தொட்டி வைக்குமாறு பத்துக் குடும்பங்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் மறுப்பது கடினம். ஒரே கட்டடத்தில் நம் பங்குக் குடும்பங்கள் இருபது, முப்பது வாழ்கின்றன. அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்து தேநீர் பருகும்வேளை, இக்கடிதத்தை எழுதப் போதுமானது. மாடிவீட்டு அம்மாவின் பையையும் சேர்த்துக் கீழே கொண்டு செல்ல ஒரு பேரப்பிள்ளை அதே தளத்தில் நிச்சயம் இருப்பான்.

இப்போது மண்டபத்துக்குச் செல்வோம். இதுவே என் மனத்தை மிகவும் உறுத்துவது.

நம் மக்கள் எறிவதற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. மானமே காரணம் என்று நினைக்கிறேன். பந்தியில் சோறு முடிந்துவிட்டது என்ற பேச்சு வரக்கூடாது. முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கு நூற்றெண்பது பேர் வருவார்கள் என்று தெரிந்தும் முந்நூறு பேருக்குச் சொல்லப்படுகிறது. அலுமினியத் தட்டங்கள் வரிசையாக வருகின்றன. தட்டுகளில் மலைபோல் பரிமாறுகிறோம், மறுத்தால் "என்ன, பிடிக்கவில்லையா?" என்று கேட்டு இன்னொரு கரண்டி. சிறுவர்கள் இரண்டு வாய் உண்டுவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். கடைசியில் கறுப்புப் பைகளின் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் இரண்டோ மூன்றோ தாய்மார். அவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். போரில் ஒரு பிடி அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் அவர்களில் உண்டு. சோறு நிறைந்த பையைத் தூக்கும்போது அவர்கள் எதுவும் பேசுவதில்லை.

"மிஞ்சினால் ஏழைகளுக்குக் கொடுப்போம்" என்பது நம் மனச்சான்றுக்கு நாம் கொடுக்கும் தாலாட்டு. மூன்று மணிநேரம் மேசையில் திறந்து கிடந்த சோற்றைத் தங்குமிடங்களும் உணவு வங்கிகளும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. உண்மையில் ஏழைக்குக் கொடுக்க விரும்பினால், குறைத்துச் சமைத்து எஞ்சும் பணத்தைக் கொடுப்பதே வழி. அந்த ஆன்மாவுக்கும் அதுவே உகந்த நினைவு என்று துணிந்து கூறுவேன்.

விருந்தோம்பலை விட்டுவிடச் சொல்லவில்லை. நம் விருந்தோம்பலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பெரிய ஒழுங்கொன்று இருந்தது. அது கடல் கடக்கும்போது கழன்றுபோயிற்று. ஊரில் பந்தியில் எஞ்சியது எறியப்படவில்லை. கழுநீர் மாட்டுக்கு, எச்சில் கோழிக்கு, மீன் செதில் மரத்தடிக்கு, கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கு. பூவரசங் குழையையும் காய்ந்த பனையோலையையும் தோட்டத்தில் தாழ்த்து உரமாக்கினார்கள் நம் பெற்றோர். அவர்களைச் சூழலியலாளர் என்று எவரும் அழைக்கவில்லை. வறுமையும் பழக்கமுமே அவர்களை நடத்தின, அதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று அதே ஊர் வேலிகளில் சொப்பிங் பைகள் சிக்கிக் கிடப்பதையும் விடுமுறையில் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே ஊர்ப்பெருமை பேசிப் பயனில்லை. ஆனால் குழை தாழ்த்த கை இன்னும் நம் நடுவே உயிருடன் இருக்கிறது. பச்சைத் தொட்டியை விளங்கிக்கொள்ள உங்கள் பாட்டனாருக்குச் சிற்றேடு தேவையில்லை. பேரப்பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும்.

ஓர் எதிர்வாதத்தையும் மதிப்புடன் எதிர்கொள்ள வேண்டும். இரண்டு வேலை செய்து, இரவுப் பணி முடித்து வரும் ஒருவரிடம் போய் "கோழி எலும்பை எந்தத் தொட்டியில் போட்டாய்?" என்று கேட்பது கொடுமையல்லவா? உலகின் வெப்பத்துக்கு எண்ணெய் நிறுவனங்களும் அரசுகளும் கூடுதல் பொறுப்பாளிகள் அல்லவா? ஆம், கூடுதல் பொறுப்பாளிகள்தான். முழுப் பழியையும் சமையலறையில் நிற்கும் பெண்ணின் தலையில் இறக்கும் மறையுரைகளை நானும் வெறுக்கிறேன். தேர்தல் காலத்தில் உங்கள் வாசலுக்கு வரும் நகரசபை வேட்பாளரிடம் 2035க்குப் பின் குப்பை எங்கே போகும், யாருடைய ஊருக்குப் போகும் என்று கேளுங்கள். நம் வாக்குகளைத் தேடிப் பொங்கல் விழாவுக்கு வேட்டியுடன் வருகிறவர்களுக்கு அக்கேள்வி நன்மை செய்யும். ஆனால் அறுநூறு பேர் கூடி உண்ணும் ஒரு பங்கு, தனிமனிதர் அன்று. நாமும் ஒரு நிறுவனமே. நம் மண்டபத்தின் குப்பைக்கு நாமே அரசு.

ஆகையால், வரவிருக்கும் நம் பங்குத் திருவிழா மதிய உணவைப் பற்றித் திருவிழாக் குழுவினருடன் பேசி முடிவெடுத்தவற்றை இங்கே அறியத் தருகிறேன். இம்முறை குடும்பமாக எத்தனை பேர் உண்ண வருகிறீர்கள் என்பதைத் திருவிழாவுக்கு முந்திய இரு ஞாயிறுகளில் ஆலய வாசலில் பதிவு செய்ய வேண்டும். அந்த எண்ணிக்கைக்கே சமையல். முதல் முறை சிறிதளவே பரிமாறப்படும். எத்தனை முறையும் மீண்டும் வரலாம், எவரும் கணக்குப் பார்க்கமாட்டார். மண்டபத்துச் சமையலறை அலுமாரியில், இப்பங்கில் இத்தாலிய மக்கள் பெரும்பான்மையாக இருந்த காலத்தில் வாங்கிய பீங்கான் தட்டுகள் ஏறத்தாழ முந்நூறு அடுக்கியபடியே இருக்கின்றன. தூசு தட்டிப் பார்த்தோம். சிலவற்றைத் தவிர எல்லாம் நன்றாக உள்ளன. இரு பந்தியாக அமர்ந்தால் அவை போதும். எஞ்சுவதை எடுத்துச் செல்ல விரும்புவோர் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வாருங்கள். வெளிவாசல் இரண்டிலும் பச்சைத் தொட்டிகள் வைக்கப்படும். உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் அருகில் நின்று வழிகாட்டுவார்கள்.

தட்டுக் கழுவுவதற்குப் பந்திக்குப் பத்துப் பேர் தேவை. தாய்மார் பெயர் கொடுக்க வேண்டாம். அவர்கள் இத்தனை ஆண்டு கழுவியது போதும். ஆண்கள் பங்குச் செயலகத்தில் பெயர் தரவும். முதற்பெயராக என்னுடையது எழுதப்பட்டிருக்கிறது. கையுறைகள் சமையலறையில் உண்டு. வெந்நீர்க் குழாய் சற்று இறுக்கமானது, இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை